கழிப்பறையில் போட்ட மாத்திரை எங்கே போகிறது?

சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதித் தருகிறார். மூன்றாம் நாளே எரிச்சல் போய்விடுகிறது. மீதி மாத்திரைகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள் சிலர். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒழுங்காக விழுங்கிய மாத்திரையும் உடம்போடு முடிந்துபோவதில்லை. உதாரணமாக, அமாக்ஸிசிலினில் பாதிக்கு மேல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். மருத்துவமனை, கோழிப்பண்ணை, மருந்துத் தொழிற்சாலைக் கழிவுகளிலும் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறது.

சாக்கடையில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அங்கே கலக்கும் மருந்து, எல்லாவற்றையும் கொல்லும் அளவுக்கு இருக்காது. வலுவில்லாதவை அடங்கிப்போக, மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகும். அதோடு நிற்பதில்லை, எதிர்ப்புச் சக்தி தரும் மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். நம் சுத்திகரிப்பு நிலையங்கள் அழுக்கைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மருந்தையும் இந்த மரபணுக்களையும் அவை முழுதாக நீக்குவதில்லை.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஐதராபாத் அருகே உள்ள பட்டன்சேரு ஓர் உதாரணம். சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு அங்கே ஒரே நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டது. வெளியே வந்த நீரை சுவீடன் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின்! அந்த மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. மருந்து ஆலைக் கழிவுக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2024-இல்தான் கொண்டுவந்தது.

ஆலைகளைக் கட்டுப்படுத்துவது அரசின் வேலை. நம்மால் ஆவது என்ன?

* சளி, சாதாரண ஜுரம் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கடையில் கேட்டு வாங்காதீர்கள்.
* டாக்டர் சொன்ன வேளை, சொன்ன நாட்கள் வரை சாப்பிடுங்கள்.
* மீந்ததை அடுத்த முறைக்கு எடுத்துவைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம்.
* காலாவதியான மருந்தைக் கழிப்பறையிலோ சிங்க்கிலோ கொட்டாதீர்கள். பழைய பேட்டரி, டியூப்லைட் போலத் தனியாகக் கட்டி, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

2019-இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நாளை நம் வீட்டுக் குழந்தைக்கு நிமோனியா வந்தால், அன்றைக்கும் மருந்து வேலை செய்ய வேண்டும் அல்லவா?