பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க!

கேம்பஸ்ல வேலை கிடைச்சதும் நம்ம ஆட்கள் பலர் தேட ஆரம்பிக்கிறது செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 7 கியர் டிஎஸ்ஜி. 2013-ல் வந்த கார். இந்தியாவில் போலோ தயாரிப்பு 2022-லேயே நின்றுபோனது. புதுசா கிடைக்காது என்பதாலேயே ஆசை கூடுது. ஆசை தப்பில்ல. ஆனா மீட்டரையும் பெயின்ட்டையும் மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறது, இன்டர்னல் மார்க்கை மட்டும் பார்த்து டிகிரி கொடுக்கிற மாதிரி.

என் கருத்து இதுதான்: குறைவா ஓடிய காரைவிட, ஒழுங்கா சர்வீஸ் ஆன காரே மேல். ஓடோமீட்டரைத் திருத்துவது சுலபம். பத்து வருஷ சர்வீஸ் பில்லை ஜோடிப்பது கஷ்டம். மீட்டர் 60,000 காட்டுது, பழைய பில்லில் 80,000 இருக்குன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சது.

கார் பார்க்கப் போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. இன்ஜின் ஆறட்டும்னு காத்திருங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிற்காம வந்து, இனிப்பு வாசனையும் அடிச்சா கூலன்ட் எரியுது.

அடுத்து கியர்பாக்ஸ். காலி ரோட்டில் எல்லா டிஎஸ்ஜியும் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். டிராஃபிக்கில் ஊர்ந்து பாருங்க, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க. உதறினா அது சின்னச் செலவு இல்ல.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். ஓபிடி ஸ்கேனரைச் செருக மெக்கானிக் வேண்டாம். எரர் கோடு எதுவும் இல்லைன்னு உடனே சந்தோஷப்படாதீங்க. ரெடினெஸ் மானிட்டர்கள் பல 'நாட் ரெடி'ன்னு காட்டினா, கோடை இப்போதான் அழிச்சிருக்கலாம்; பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும். எதுன்னு கேளுங்க.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க. உள்ளே சேற்றுக் கறை இருந்தா வெள்ளத்தில் நின்ற கார். 2015-ம் 2023-ம் சென்னையில் எத்தனை கார்களை முக்கின என்று சொல்லத் தேவையில்லை. டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டயர் பட்டன் தேயாம இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

"ரீமேப் பண்ணிருக்கேன் ப்ரோ, செம பவர்"னு விற்பவர் சொன்னா அதை விலையேற்றும் காரணமா எடுக்காதீங்க, குறைக்கும் காரணமா எடுங்க. கூடுதல் டார்க்கைத் தாங்கியது அதே கிளட்ச்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம், விபத்து நாளில் உங்க தலையில் விடியும்.

கடைசியா ஆர்சி. எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி இருக்கா, சலான் இருக்கா என்று பரிவாஹன் தளத்தில் பாருங்க. டெல்லி வண்டி மலிவா வருதுன்னா, என்ஓசியும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பேர் மாற்றாம மட்டும் சாவியை வாங்காதீங்க.

கையில் ஆறு லட்சம் இருந்தா ஐந்துக்குக் கார் தேடுங்க. மீதி ஒரு லட்சம் முதல் வருஷ ரிப்பேருக்கு. அந்த ஒரு லட்சம் இல்லைன்னா, இன்னும் ஆறு மாசம் பஸ்ல போங்க. ஈஎம்ஐ கட்டிக்கிட்டே ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் காரைப் பார்க்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.