கௌதாரிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சங்கப் புலவர்கள் காடையைக் குறும்பூழ் என்றனர். கௌதாரியைச் சிவல் என்றனர். கலித்தொகையில் குறும்பூழ்ப் போர் பேசப்படுகிறது. தேர்வில் இச்சொற்களுக்குப் பொருள் எழுதி மதிப்பெண் பெறும் நாம், அப்பறவைகள் நம் ஊர்ப்புறத்தில் இன்னும் வாழ்கின்றனவா என்று கேட்டதுண்டா?

பறவைகளை நேசிப்பது நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தது திருநெல்வேலியில்தான். கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாயிற்று. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011இல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. மலைமேல் வாழும் சாம்பல் காட்டுக்கோழிக்குக் களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988 முதல் அரணாக நிற்கிறது. மலைக்கும் குளத்துக்கும் இடையே, உடைமரமும் பனையும் நிற்கும் செம்மண் மேட்டில் வாழும் கௌதாரிக்கு என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கிறதே என்பர். உண்மைதான். கடையில் கிடைக்கும் பண்ணைக் காடை ஜப்பானிய இனம். 1974இல் நம் நாட்டுக்கு வந்தது. காட்டுக் காடையையும் கௌதாரியையும் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் பறவையைக் காக்கிறதே தவிர, காப்பகத்துக்கு வெளியே அது முட்டையிடும் தரையைக் காப்பதில்லை. ஏட்டில் அந்நிலத்தின் பெயர் தரிசு. தரிசு என்றதும் பயனற்றது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிறகு அது வீட்டு மனையாகிறது, கல் குவாரியாகிறது.

இதில் நம் பங்கும் இல்லாமலில்லை. நலப்பணி முகாம்களில் ஊரைத் துப்புரவு செய்வதாக எண்ணிப் புதர்களை வெட்டுகிறோம். சீமைக்கருவேலத்தை அகற்றுவது வேறு. உடையும் சூரையும் மண்டிய புதரை அழிப்பது வேறு. கௌதாரி தரையில் கூடமைக்கும் பறவை. புதர் போனால் அதற்கு வீடில்லை.

மயில் பெருகிப் பயிரைத் தின்பது போதாதா என்று விவசாயி கேட்கலாம். அவர் சினம் நியாயமானதே. ஆனால் கௌதாரி உதிர்ந்த தானியத்தோடு கறையானையும் பூச்சியையும் களைவிதையையும் தின்கிறது. அதை மயிலோடு சேர்த்துப் பழிப்பது பொருந்தாது.

நாம் செய்யக்கூடியது என்ன? விலங்கியல் துறை முன்னின்று, மாதம் ஒருநாள் விடியற்காலையில், குறித்த பத்து இடங்களில் பத்து நிமிடம் நின்று, கேட்கும் கௌதாரிக் குரல்களை எண்ணட்டும். தொலைநோக்கி வேண்டாம், செலவும் இல்லை. ஆண்டுதோறும் எண்ணிக்கையை இம்மலரில் வெளியிடலாம். இடங்களின் பெயர் மட்டும் வேண்டாம். கண்ணி வைப்பவர்களும் படிக்கத் தெரிந்தவர்களே! ஐந்தாண்டுக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த மேடு குவாரிக்குப் போகுமுன் மாவட்ட ஆட்சியரிடம் காட்ட நம்மிடம் ஒரு சான்று இருக்கும்.

பழக்கிய கௌதாரியைக் கூண்டில் கூவவைத்து, அக்குரலுக்கு வரும் காட்டுக் கௌதாரியைப் பிடிப்பது பழைய வேட்டை முறை. வேடனுக்குத் தெரிந்த குரல், பட்டம் பெறப்போகும் நமக்குத் தெரியவேண்டாமா?