கல்வெட்டில் பொன் இருக்கிறது, மனசு இல்லை



"நிலம் வெளியே போகாது. கட்டிக்கிட்டா காதல் தானா வரும், சரித்திர நாவல் இளவரசிங்க மாதிரி" என்று நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணுக்குப் புத்தி சொன்னார்கள். அவளுக்குப் படிப்பே இன்னும் முடியவில்லை.

நானும் கல்கி, சாண்டில்யன் பைத்தியம்தான். (கதை சொல்லியே பாடவேளையை ஓட்டியது உங்களுக்கு நினைவிருக்கும்.) ஆனால் நடந்தது என்ன? முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி விமலாதித்தனுக்குக் கொடுத்தார். நாவலில் வரும் குந்தவை அல்ல, அவருடைய தம்பி மகள். வேங்கி சோழர் கையைவிட்டுப் போகக்கூடாது, அதற்காக. இவர்கள் மகன் நரேந்திரனுக்கு இராசேந்திரன் மகள் அம்மங்காதேவி. அவர்கள் பிள்ளைதான் 1070இல் சோழ அரியணை ஏறிய குலோத்துங்கன். கணக்கு பலித்தது. அந்தப் பெண்களை யார் கேட்டார்கள்?

நம் சிதம்பரம் கோயிலில் குலோத்துங்கனின் தங்கை, இன்னொரு குந்தவை, கொடை கொடுத்த கல்வெட்டு உண்டு. பொன்னுக்குக் கணக்கு வெட்டியிருக்கிறார்கள். மனசுக்கு இல்லை. காதலைச் சேர்த்தது கதாசிரியர்கள். ரசியுங்கள். அதைக் காட்டி ஒரு பெண்ணை மணையில் உட்கார வைக்காதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டு நிலம் எத்தனை காணி என்று கேட்டீர்களே, அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவள் வாயால் சரி என்று சொல்லட்டும், முதல் பந்தியில் நான் உட்காருகிறேன்.