சாம்பல் சிமெண்ட் சவலை அல்ல

ஜொகூரில் குத்தகையாளர்களிடம் பசுமை சிமெண்ட் பேச்சை எடுத்தால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "சாம்பல் கலந்த சிமெண்ட்தானே? பலம் இருக்காது. நாரும் நானோவும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பட்டம் வாங்கப் போடும் சரக்கு." இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசியும் அதன் தயவில் விலைபோகிறது.

முதலில் பலம். செம்பனை ஆலைக் கொதிகலனில் நாரையும் ஓட்டையும் எரித்தபின் மிஞ்சும் சாம்பலைக் கான்கிரீட்டில் போட்டுப் பார்த்து, 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்று 1990-இல் சிங்கப்பூர் ஆய்வு ஒன்று சொன்னது. அன்று போட்டது அரைக்காத சாம்பல். ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடப்பதை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்: பாதி எரிந்த நார், ஓட்டுச் சில்லு, விரலில் ஒட்டும் கரி. துகள்கள் பொந்துபொந்தாக இருப்பதால் கலவைத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். அதையே சலித்து மாவாக அரைத்தால் கதை மாறுகிறது. கான்கிரீட்டை உள்ளிருந்தே வீங்கி வெடிக்க வைக்கும் கார-சிலிக்கா வினையைச் செம்பனைச் சாம்பல் அடக்கும் என்று ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அப்துல் அவாலும் வாரிட் ஹுசினும் 1997-இல் காட்டினார்கள். 2012-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரி போகச் சூடாக்கி மிக நுண்மையாக அரைத்த சாம்பலைச் சிமெண்டுக்குப் பதிலாக 60 விழுக்காடு வரை போட்டு, உயர்பலக் கான்கிரீட்டே செய்தார்கள். 1990-ஐப் பிடித்துக்கொண்டு இன்னும் பேசுவது சோம்பேறித்தனம்.

"இறுக நாளாகுமே?" ஆகும். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பைச் சாம்பலின் சிலிக்கா பிடித்துப் பிணைப்புப் பசையாக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் குளிர்நாட்டுக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. நம் வெக்கை இந்த வினையை முடுக்கிவிடும். போதாததற்கு நானோ சிலிக்கா: சிமெண்ட் எடையில் ஓரிரு விழுக்காடு சரியாகக் கலந்தாலே முதல் சில நாள் பலம் ஏறிவிடும். ஆய்வுக்கூட விளையாட்டு என்பவர்கள் கோலாலம்பூர் போனால் அண்ணாந்து பார்க்கட்டும். 1990-களில் எழுந்த பெட்ரோனாஸ் கோபுரங்களின் 80 மெகாபாஸ்கல் கான்கிரீட்டில், சிமெண்டைவிடச் சுமார் நூறு மடங்கு நுண்ணிய சிலிக்காத் தூள் இருக்கிறது. நானோ சிலிக்கா அந்த வழியில் இன்னும் ஓர் எட்டு, அவ்வளவுதான்.

நாருக்கு வருவோம். நார் போட்ட கட்டியை நசுக்கிப் பார்த்தால் பலம் கூடாது, சில சமயம் குறையவும் செய்யும் என்பது மெய். ஆனால் நாரைப் போடுவது நசுங்காமல் இருக்க என்று யார் சொன்னது? விரிசல் வாய் திறக்கும்போது இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. கம்பளக் கழிவின் பாலிபுரோப்பிலீன் நாரைச் செம்பனைச் சாம்பலோடு சேர்த்த ஸ்கூடாய் ஆய்வுகளில் இழுவைப் பலமும் வளைவுப் பலமும் கூடின. தாவர நார் உளுத்துவிடும் என்ற வாதம் சாதா சிமெண்டுக்குப் பொருந்தும். அதன் சுண்ணாம்பும் காரமும் நாரை மொரமொரப்பாக்கி ஒடித்துவிடும். சாம்பல் தின்பதோ அதே சுண்ணாம்பை! ஆக, சாம்பல் சிமெண்டில்தான் தாவர நார் கூடுதல் காலம் தாங்கும். இதை யாரும் சொல்வதில்லை.

விலை பற்றிய முணுமுணுப்பு நியாயமானது. கார்பன் நானோ குழாயையும் கிராபீனையும் வீட்டுக் கூரைக்குப் பரிந்துரைப்பவரை நம்பாதீர்கள். நானோத் தூள் கட்டிதட்டினால் காசு தண்டம். அரைக்க மின்சாரம் செலவாகும். இதைவிடப் பெரிய தலைவலி, ஆலைக்கு ஆலை சாம்பலின் தரம் மாறுவது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கரை ஒரு டன் செய்தால் முக்கால் டன்னுக்கு மேல் கரியமிலவாயு. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருவது. எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. சிமெண்டுக்குப் பதிலாகப் போட, பொந்தியான் பக்கம் தஞ்சோங் பின் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலையும் நிரந்தரமாக நம்ப முடியாது. 2044-க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடுவதாக மலேசியா சொல்லியிருக்கிறது. குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை இருக்கும்வரை ஆலைச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே, கட்டட ஒப்பந்தம் எழுதுவோர் 28-ஆம் நாள் சோதனையோடு நிற்காமல் 56-ஆம் நாள் பலத்தையும் ஒப்புக்கொள்ளட்டும். சாம்பலை வாங்குவோர் நுண்மைக்கும் கரி அளவுக்கும் வரம்பு வைத்து வாங்கட்டும். வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தளம் போட்டபின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் சிமெண்டுக்கு அது கட்டாயம்.