அம்மாவுக்கு ஒரு வாரம்

போன மாதம் ரிங்லெட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தலைவர் அப்பா. பொருளாளர் அத்தான். செயலாளர் அக்கா. வானொலியில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் விளக்கவுரை என் தலையில். அம்மா வழக்கம்போல் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் பொருள்: ஏழு வருடமாகப் பணம் கட்டியும் ஓர் இரவுகூடத் தங்காத டைம்ஷேரை என்ன செய்வது?

ஏழு வருடத்துக்கு முன் அக்காவும் அத்தானும் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் நடந்துகொண்டிருந்தபோது, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு" என்று ஒருவர் கூப்பிட்டார். பரிசு வாங்கப் போனவர்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, விடுமுறை உறுப்பியம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலூன் கிடைத்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். ஒரு வருடம் அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வருடம் பிள்ளைக்குப் பரீட்சை. பிறகு கோவிட். பிறகு மறந்தே போனது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. அறை இருந்தது. நாங்கள்தான் போகவில்லை.

டைம்ஷேர் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். தோட்டத்து மாரியம்மன் கோயில் உபயத்தை வைத்துச் சொன்னேன். கோயில் எல்லோருக்கும் பொது. திருவிழாவில் ஒரு நாள் மட்டும் நம் குடும்பத்து உபயம். அதுபோல விடுதி எல்லோருக்கும் பொது, வருடத்தில் ஒரு வாரம் நமக்கு. அந்த வாரத்தை முன்பணம் கொடுத்து இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு வாங்கி வைக்கிறோம். கட்டடம் நம்முடையது அல்ல, தங்கும் உரிமைதான் நம்முடையது. "உபயத்துக்குப் போகாட்டியும் பணம் கட்டணுமா?" என்றார் அப்பா. கட்ட வேண்டும். அதுதான் இதில் முக்கால்வாசிப் பேர் கவனிக்காத இடம்.

இந்த வியாபாரம் 1960-களில் ஐரோப்பாவில் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் நிறுவனம் 1963-இல் தொடங்கியது. 1970-களில் அமெரிக்கர்கள் அதைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டு போனார்கள். செயிண்ட் தாமஸ், செயிண்ட் குரோய் தீவுகளில் தங்க 25 ஆண்டு உரிமம் விற்றார்கள். ஒரே இடத்துக்கே எத்தனை தடவை போவது என்று மக்கள் சலித்தபோது, உன் வாரத்தை எனக்குக் கொடு, என் வாரத்தை நீ எடுத்துக்கொள் என்று மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்கள் வந்தன. ஆர்.சி.ஐ. 1974-இல், இன்டர்வல் இன்டர்நேஷனல் 1976-இல்.

அத்தான் கண் வைத்தது அந்த மாற்றுப் புத்தகத்தில்தான். 'கரீபியன்' என்ற பக்கத்தை மடித்தே வைத்திருந்தார். வெள்ளை மணல், நீலக் கடல், தென்னை மரத்தில் கட்டிய ஏணை. "ஏழு வருஷம் கட்டியிருக்கேன். போனா அங்கேதான் போகணும்" என்றார்.

ஆசை நியாயமானதுதான். ஒரு வாரம் செலவழித்து விசாரித்தேன். நீங்களும் முதல் தடவை திட்டமிடுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு உதவும்.

முதலில், மாற்று என்பது இலவசம் அல்ல. மாற்று நிறுவனத்துக்கு ஆண்டு உறுப்பியக் கட்டணம் தனி, ஒவ்வொரு மாற்றுக்கும் கட்டணம் தனி. நம் வாரத்தை முன்கூட்டியே அவர்களிடம் ஒப்படைத்தால்தான் கேட்கும் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இருந்தால் முன்பதிவே நகராது.

இரண்டாவது, கரீபியனில் பல விடுதிகள் சாப்பாடு, பானம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வாங்குகின்றன. அறைக்குப் பணம் கட்டியாயிற்றே என்று நினைத்துப் போனால் முகப்பில் நிற்கும்போது வியர்க்கும்.

மூன்றாவது, விமானம். கோலாலம்பூரிலிருந்து கரீபியனுக்கு நேராகப் போகும் விமானம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லண்டன் என்று சுற்ற வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால், அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும்கூட நமக்கு விசா வேண்டும். ஆறு பேருக்கு டிக்கெட் விலை பார்த்ததும் அத்தான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

நான்காவது, புயல். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா புயல் செயிண்ட் மார்ட்டின் தீவைப் புரட்டிப்போட்டது. அங்கே டைம்ஷேர் விடுதிகள் ஏராளம். 'இந்த மாதங்களில் சுலபமாகக் கிடைக்கும்' என்று புத்தகம் சொன்னால் ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அருபா போன்ற சில தெற்குத் தீவுகள் மட்டும் பொதுவாகப் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன.

இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள். அத்தான் மடித்து வைத்திருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் குவாதலூப் தீவு இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1854 டிசம்பரில் 'ஓரேலி' என்ற கப்பல் இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். பேச்சு மொழி பேரப்பிள்ளைகளிடம் தேய்ந்துவிட்டது. ஆனால் மாரியம்மனை 'மாலியேமன்' என்று இன்றும் கும்பிடுகிறார்கள். அந்தத் தீவில் 'கொழும்பு' என்று ஒரு கறியே உண்டு.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தாத்தா ஏறிய கப்பல் பினாங்குக்கு வந்தது. வேறு கப்பலில் ஏறியிருந்தால் கரும்பு வெட்டியிருப்பார். "அப்போ அதுவும் ஒரு எஸ்டேட்தான்" என்றார். புத்தகத்தில் இருந்த வெள்ளை மணல் அந்த நிமிடத்தில் எங்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

எங்கள் ஊரும் அப்படித்தானே? தாப்பாவிலிருந்து மலை ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். பள்ளி விடுமுறை வந்தால் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் போகும் கார்கள் எங்கள் கடைத்தெருவில் வரிசை பிடித்து நிற்கும். தேயிலைச் சரிவைப் பின்னால் வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படங்கள் சிலவற்றில், தூரத்தில் குனிந்து கொழுந்து எடுக்கும் ஓர் உருவமாக என் அம்மாவும் இருந்திருக்கலாம். ஊரெல்லாம் ஓய்வெடுக்க வரும் இடத்தில் பிறந்து வளர்ந்தும், ஓய்வெடுக்க என்று எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் எங்கேயும் போனதில்லை.

லீவே இல்லையா என்றால், இருந்தது. அப்பா 1987-இல் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்து 31 ஆண்டுகள் வேலை செய்தவர். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வருடம் 8 நாள், ஐந்து ஆண்டுவரை 12 நாள், அதன்பின் 16 நாள். கூட்டிப் பார்த்தேன். 468 நாள் வருகிறது. எல்லாம் எங்கே போனது? தைப்பூசத்துக்குப் பத்துமலை. சொந்தத்தில் கல்யாணம், கருமாதி. எங்களைப் பள்ளியில் சேர்க்க ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள். மிச்சத்துக்குக் காசாக வாங்கிக்கொண்ட வருடங்களும் உண்டு. ஒன்றையும் வீணாக்கவில்லை. ஆனால் 468-இல் ஒரு நாள்கூட சும்மா உட்கார்ந்ததில்லை.

நம்மில் படித்து வேலைக்குப் போன தலைமுறையும் இதையேதான் செய்கிறது. வருட லீவை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து, டிசம்பரில் மனிதவளப் பிரிவு மின்னஞ்சல் அனுப்பியதும் அவசரமாக எடுத்து, வீட்டில் துணி துவைக்கிறோம். டைம்ஷேரை அடகு நகை மாதிரி உள்ளே வைத்துவிட்டு வட்டி மட்டும் கட்டுகிறோம்.

இந்த இடத்தில்தான் அம்மா வடைத் தட்டோடு கூடத்துக்கு வந்தார். புத்தகத்தை எட்டிப் பார்த்தார். படுக்கையறை, கூடம், பக்கத்தில் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ள சமையலறை. டைம்ஷேர் வீடுகளில் பெரும்பாலும் சமையலறை இருக்கும், செலவு மிச்சம் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார்.

அம்மா கேட்டார்: "அப்போ அங்கே போயும் நான்தான் சமைக்கணுமா?"

கூட்டம் அமைதியானது. அதுவரை நாங்கள் தீவைப் பற்றியும் புள்ளியைப் பற்றியும் டிக்கெட்டைப் பற்றியும் பேசினோம். யாருக்கு விடுமுறை என்று ஒருவரும் கேட்கவில்லை. உறுப்பியம் அத்தான் பேரில், ஆசையும் அத்தானுடையது. ஆனால் அந்த வீட்டில் ஓய்வுக்கு அதிகம் பாக்கி வைத்திருப்பது அம்மாவுக்குத்தான்.

அதன்பின் திட்டத்தை அம்மாவிடமிருந்து ஆரம்பித்தோம். எல்லாம் தானாக விழுந்தது. அம்மாவுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், விமானம் ஏறியதே இல்லை. இருபது மணி நேரத்துக்கும் மேலான பயணம் அவருக்கு ஓய்வாக இருக்காது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் கரீபியன் இந்தத் தடவை இல்லை. அத்தானின் உறுப்பியத்திலேயே லங்காவியில் ஒரு விடுதி இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேர விமானம். வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரைத் தீவுகளை மூடிவிடும். மேற்கே இருக்கும் லங்காவிக்கு அப்போதுதான் நல்ல காலம் தொடங்குகிறது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் என்று முடிவு.

பள்ளி விடுமுறை உச்சக் காலம் என்பதால் புள்ளி அதிகம் கேட்டார்கள். பழைய புள்ளிகளில் பல காலாவதி. போன வருடத்து மிச்சத்தையும் இந்த வருடத்தையும் சேர்த்தபோது சரியாக வந்தது. இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர்தான் தங்கலாம் என்று விதி. ஏழாவது ஆளான நான் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டேன். மலையிலிருந்து இறங்கிய அன்றே விமானம் ஏறாமல், முதல் இரவு எல்லோரும் கோலாலம்பூரில் என் வீட்டில்.

சமையலுக்கும் ஒரு பட்டியல் எழுதி அக்கா குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டார். காலையில் கடையில் ரொட்டி சானாய். மதியம் அத்தான், அல்லது அத்தான் வாங்கி வருவது. இரவு வெளியே. அம்மா பெயர் எதிலும் இல்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஓர் உறுப்பிய அட்டை இருந்தால், இந்த வாரமே வெளியே எடுங்கள். இன்னும் எத்தனை வருடம் பாக்கி, புள்ளி எப்போது காலாவதி, எத்தனை மாதம் முன்னால் பதியலாம் என்று பாருங்கள். லீவு விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள், அறையை அடுத்துப் பதியுங்கள். தலைகீழாகச் செய்ததால்தான் எங்களுக்கு ஏழு வருடம் போனது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பலூன் கொடுக்கும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். நம் நாட்டில் இத்தகைய திட்டங்கள் 2016-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதிவு உண்டா என்று அங்கேயே கேளுங்கள். மனம் மாறினால் எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "உங்கள் டைம்ஷேரை விற்றுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். சிக்கல் வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில் நீங்களே பதியலாம்.

அத்தான் கரீபியன் பக்கத்தின் மடிப்பை எடுக்கவில்லை. அது இருக்கட்டும். குவாதலூப் போய் மாலியேமனைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவே இப்போது சொல்கிறார்.

நேற்று இரவு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு. பெட்டியில் என்ன என்ன வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடைசியாகக் கேட்டார்.

"ஏம்மா, அங்கே காலையிலே எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?"

"எந்திரிக்க வேணாம்மா. எப்போ முழிப்பு வருதோ அப்போ."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி. அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடும். வந்தாலும் படுத்தே கிடக்கிறேன்" என்றார்.