தூசிக்கும் ஒரு பங்கா?

பெற்றோலின் அருமையை வன்னி வாசகர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளைச் செலுத்திய மக்கள் நாம். 2022ஆம் ஆண்டு மீண்டும் பஞ்சம் வந்தது. அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் காருக்கு 20 லீற்றருமே ஒதுக்கப்பட்டன. அந்தச் சொற்பத்திலும் பங்கு கேட்கும் ஒரு திருடன் உண்டு. கிரவல் வீதித் தூசியே அவன்!

இக்காலக் கார்களில் காபரேற்றர் இல்லை. உட்புகும் காற்றுக்கு ஏற்ப எவ்வளவு பெற்றோல் விடுவதென்பதை ஒரு சிறு கணனி தீர்மானிக்கின்றது. பல கார்களில் அக்காற்றை அளப்பது, வடிகட்டிக்கு அப்பால் குழாயினுள் இருக்கும் சென்சர். அதில் மயிரிழை போன்ற கம்பியொன்றை மின்சாரம் சூடாக வைத்திருக்கும். ஓடும் காற்று அதனைக் குளிர்விக்கும். சூடு குறையாதிருக்க வேண்டிய மின்சாரமே காற்றின் கணக்கு. கம்பியைத் தூசி போர்த்திவிட்டால் குளிர் உறைக்காது, கணக்குத் தவறும், கலவை கெடும். எஞ்சின் திணற, நாமும் அழுத்தி மிதிப்போம்.

சென்ற மாதம் நமது காரும் பரந்தனைத் தாண்டுமுன் இவ்வாறே திணறியது. கராஜில் சென்சரைக் கழற்றியதும், உதவி செய்யும் ஆர்வத்தில் நாம் துணியை எடுத்தோம்.

"ஐயா, துணி படக்கூடாது! கம்பி அறுந்தால் புதுசுதான் போடவேணும்," என்று தடுத்தார் அங்கிருந்த தம்பி.

எஞ்சின் ஆறிய பின், அந்தச் சென்சருக்கென்றே விற்கப்படும் திரவத்தைத் தொடாமல் விசிறி, முற்றாக உலரவிட்டுப் பூட்டினார். காபரேற்றருக்கோ பிறேக்குக்கோ உரிய திரவம் இதற்கு ஆகாதாம். பின்னர் காற்று வடிகட்டியைக் காட்டினார். அது சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தது. திருடனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதா? அதனையும் மாற்றினோம்.

அடைத்த வடிகட்டி புதிய பெற்றோல் கார்களில் இழுவையைக் குறைக்குமேயன்றி எரிபொருட் செலவைக் கூட்டுவதில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009இல் கண்டறிந்தது. ஆயினும் தூசியை வாசலிலேயே மறிப்பது வடிகட்டிதான்.

ஒன்றை மறவாதீர்கள். அழுக்கேறாத சென்சரைக் கழுவுவதால் ஒரு துளியும் மிஞ்சாது. காபரேற்றர் பூட்டிய மோட்டார் சைக்கிளில் இச்சென்சரே இல்லை. சில சிறிய கார்களிலும் இல்லை. ஆதலால் "கழுவினால் பெற்றோல் மிச்சம்" என்று எவரேனும் கூறினால், முதலில் சென்சரைக் காட்டச் சொல்லுங்கள்; அதில் அழுக்கு உண்டா என்றும் பாருங்கள். அதற்கும் முன், டயர்களில் காற்று அளவாக உள்ளதா என்று பார்ப்பது செலவில்லாத சிக்கனம்.

வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலில் தூசிக்கும் பங்கு கொடுப்பானேன்?