பண்டிகை நாளில் டாக்டர் எங்கே?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே, காலையில் பேப்பரை உதறினால் நோட்டீஸ்கள் உதிர ஆரம்பித்துவிடும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைச்சீட்டு எல்லாம் பழகிப்போனவை. சில வருஷங்களாகக் கிளினிக் நோட்டீஸ்களும் சேர்ந்துகொண்டுள்ளன. தீபாவளியை முன்னிட்டு இலவச சர்க்கரைப் பரிசோதனை, முழு உடல் பரிசோதனைக்குப் பண்டிகைத் தள்ளுபடி, இப்படி. எங்கள் பக்கத்துப் பல் கிளினிக் ஒன்றில் இலவசமாகப் பல்லைப் பார்த்துக் கால் கிலோ மைசூர்பாகும் கொடுத்தார்கள். எது முதலில், எது பிறகு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் சர்க்கரை பார்ப்பது இன்றைக்கு எங்களுக்கு ஒரு பெரிய காரியமே அல்ல. என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் வீட்டில் அந்தச் சின்ன மெஷின் இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கும் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று அரசாங்கமே வீட்டுக்கு ஆள் அனுப்பி பி.பி., சுகர் பார்த்து மாத்திரையும் தருகிறது. பண்டிகை நாளில் எங்களுக்குக் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். அது டாக்டர்.

இந்த வருஷத் தீபாவளியன்று மாலை நடந்தது. எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் பையனுக்கு ஏழு வயது. யாரோ எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பைத் தரையில் போட்டிருக்கிறார்கள். இவன் வெறுங்காலோடு அதன்மேல் நின்றுவிட்டான். கம்பியின் சிவப்பு மங்கிவிட்டாலும் சூடு போய்விடுவதில்லையே. பையன் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. ஒருவர் பற்பசை என்றார், இன்னொருவர் பேனா மை என்றார், எதிர்வீட்டு அம்மாள் மஞ்சளும் எண்ணெயும் குழைத்தே கொண்டுவந்துவிட்டார். பையனின் தாய் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் அவனைத் தூக்கிக் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்டவேண்டும், பற்பசை, மை, ஐஸ் எதுவும் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு சபாஷ்.

பிறகுதான் கஷ்டமே. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் நாலு கிளினிக்குகள். நாலும் பூட்டு. ஒன்றில் இறக்கிவிட்ட ஷட்டருக்கு மேலே பெரிய ஃபிளெக்ஸ் பேனர்: உங்கள் ஆரோக்கியமே எங்கள் தீபாவளி என்று. எப்போது திறப்பார்கள் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மெடிக்கல் ஷாப்பும் மூடியிருந்தது. கடைசியில் ஆட்டோ பிடித்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரே ஒரு டியூட்டி டாக்டர், ஒரு நர்ஸம்மா, வராந்தா நிறையக் கூட்டம். கட்டுப்போட்டு ஊசியும் போட்டு அனுப்பும்போது இரவு பதினொன்றரை. பையன் இப்போது நன்றாக ஓடுகிறான். ஆனால் அந்த ஒரே டாக்டரையும் நர்ஸையும் நினைத்துப் பாருங்கள். நாங்கள் நாலு கிளினிக் வாசலில் இறக்கிவைத்திருக்க வேண்டிய பாரத்தை அவர்கள் இருவரும் சுமந்தார்கள்.

நான் சொல்லவருவது இதுதான். பண்டிகைக்கு ஊருக்கு எதையாவது செய்ய நினைக்கிற கிளினிக், முகாமும் ஸ்வீட் பாக்கெட்டும் ஒரு பக்கம் இருக்க, பண்டிகையன்று கதவைத் திறந்து வைக்கட்டும். முழுநாளும் வேண்டாம். எப்போது தேவைப்படும் என்பதுதான் முன்கூட்டியே தெரிகிறதே! 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு நம் மாநிலத்தில் பட்டாசுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று நேரம் குறித்தார்கள். ஜனங்கள் அதைக் கடைப்பிடிக்கும் லட்சணம் நமக்குத் தெரியும். போகட்டும். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் இருந்தால் பெரும்பாலான சுட்டகாயங்களை அங்கேயே பார்த்துவிடலாம். கண், முகம் என்று பெரிதாக இருந்தால் முதலுதவி செய்து, 108-ஐக் கூப்பிட்டு, எங்கே போகவேண்டும் என்று சொல்லி அனுப்பலாம்.

பட்டாசு ஒன்றுதானா? பெரியவர்களுக்குத் தீபாவளியின் முதல் ஆபத்து வெடியில் இல்லை, விடியற்காலை எண்ணெய்க் குளியலில் இருக்கிறது. நாலு மணிக்கு அரைத் தூக்கத்தில், உள்ளங்கால் வரை எண்ணெயோடு, வழவழப்பான டைல்ஸ் போட்ட குளியலறைக்குள் எழுபத்தைந்து வயதுக்காரர் நுழைகிறார். விழுந்தால் இடுப்பு எலும்பு. அதற்குப் பிறகு அந்த மனிதர் பழையபடி நடப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தரையில் ஒரு ரப்பர் பாய், உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், உள்ளே தாழ்ப்பாள் போடாமல் இருப்பது, இவ்வளவுதான் தேவை. இதை நோட்டீஸாக அடித்துப் பேப்பரில் வைத்த கிளினிக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

மருந்து விஷயமும் அப்படித்தான். மாத்திரை அட்டை காலியாவது தீபாவளியன்று காலையில்தான் நம் கண்ணில் படும். ஒரு வாரம் முன்பே தங்கள் பழைய நோயாளிகளுக்கு போன் செய்து, மாத்திரை, இன்சுலின் எல்லாம் பத்து நாளைக்கு இருக்கிறதா என்று ரிசப்ஷன் பெண் கேட்டால் என்ன செலவாகிவிடும்? கேதார கௌரி நோன்பு, அமாவாசை என்று ஒருவேளைச் சாப்பாட்டை விடுகிறவர்கள் நம்மில் நிறைய. வெறும் வயிற்றில் சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பள்ளிவாசல் தெரு நண்பர்களுக்கு ரம்ஜான் மாதம் முழுவதும் இதே கவலைதான். நோன்பு தொடங்குவதற்கு முன்பே ஒருநாள் அவர்களை வரவழைத்து, எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம், யார் நோன்பே வைக்காமலிருப்பது நல்லது என்று பேசி அனுப்பினால், மைசூர்பாகைவிட அது உயர்ந்த சீர்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். டாக்டர்களுக்கான 2002-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில், விளம்பரம் செய்து நோயாளிகளைத் தேடுவது தவறு என்று இருக்கிறது. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கச் சில காரணங்களுக்கு மட்டும் அனுமதி. அவற்றில் ஒன்று, தற்காலிகமாக ஊரில் இல்லை என்று தெரிவிப்பது. நாங்கள் தினமும் பார்ப்பதோ நேர்தலைகீழ். தள்ளுபடிக்கு வண்ண நோட்டீஸ் வருகிறது. டாக்டர் இல்லை என்பதைப் பூட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

டாக்டருக்கும் பெண்டாட்டி பிள்ளை, தலைத்தீபாவளி மாப்பிள்ளை எல்லாம் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே டாக்டர் வருஷாவருஷம் உட்காரவேண்டும் என்று கேட்டால் அது அநியாயம். கிளினிக் நர்ஸ்களின் சம்பளத்தையும் நான் அறிவேன். பண்டிகை நாளில் வந்தால் இரட்டைச் சம்பளம், மறுவாரம் ஒருநாள் லீவு என்று கொடுத்துவிட்டுத்தான் கூப்பிடவேண்டும். நான் தபால் இலாகாவில், ஆர்.எம்.எஸ்.ஸில், முப்பத்தாறு வருஷம் இருந்தவன். ரயில் ஓடினால் மெயில் வண்டியும் ஓடும். அதனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாராவது தபால் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஒரு மாதம் முன்பே டியூட்டி சார்ட் ஒட்டிவிடுவார்கள். சண்டை போடுவோம், மாற்றிக்கொள்வோம், ஆனால் போன தீபாவளிக்கு வண்டியில் இருந்தவனை இந்தத் தீபாவளிக்கு யாரும் தொடமாட்டார்கள். கோயில் திருவிழாவில் பத்து நாள் மண்டகப்படியை ஆளுக்கொரு நாள் பிரித்துக்கொள்கிற ஊர் இது. நாலு டாக்டர்கள் ஒரு தீபாவளியை முறை வைத்துக்கொள்ள முடியாதா? நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு வரும். இன்றைக்கு யார் முறை என்று நாலு ஷட்டரிலும் ஒரே காகிதத்தை ஒட்டினால் போதும்.

சென்னை வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கிய ஜெயச்சந்திரன் 2018-ல் காலமானபோதும், அதற்கு இரண்டு வருஷம் முன்பு கோவை சித்தாபுதூரில் இருபது ரூபாய் டாக்டர் பாலசுப்பிரமணியம் போனபோதும் ஜனங்கள் அழுததைப் பார்த்தோம். குறைந்த ஃபீஸ் ஒரு காரணம்தான். போனால் பார்ப்பார் என்ற தைரியம் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் நான் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போனவாரம் சொன்னேன். பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். "நல்ல யோசனைதான் சார். நான் ரெடி. மத்த மூணு பேர்கிட்ட யார் பேசறது?" என்றார். நாங்கள் ஓய்வு பெற்ற கூட்டம், எங்களுக்கு வேறென்ன வேலை? காலை நடையில் கூட வருகிற இரண்டு நண்பர்களோடு போய்ப் பேசுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவரைப் பார்த்தாயிற்று, பொங்கலன்று காலை தானே இருப்பதாகச் சொல்லிவிட்டார். மாட்டுப்பொங்கலையும் காணும்பொங்கலையும் எங்கள் டாக்டரே எடுத்துக்கொள்கிறார். போகிதான் பாக்கி. விடியற்காலையில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகையில் இழுப்புக்காரர்கள் படுகிற பாட்டுக்கு, நெபுலைசர் உள்ள கிளினிக் ஒன்று ஐந்து மணிக்கே திறந்திருக்கவேண்டும். அந்த மெஷின் இருப்பது மூன்றாவது டாக்டரிடம். வியாழக்கிழமை மாலை அவரைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கிறோம்.